பலெர்மோவுக்கு எந்த மாதம் போவது?

இத்தாலி என்றவுடன் எங்களில் பலருக்கு நினைவில் வருவது ரோமாபுரியும் பாப்பரசரும்தான். படம் பார்க்கிறவர்கள் வெனிஸ் நகரத்துத் தண்ணீர்த் தெருக்களைச் சொல்வார்கள். ஆனால் எங்கள் ஊர்களில் “இத்தாலியில உங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?” என்று கேட்டுப் பாருங்கள். மகள், மருமகன், பெறாமகன் என்று யாரோ ஒருவர் இருக்கும் இடமாக அடிக்கடி வரும் பெயர் பலெர்மோ. சிசிலித் தீவின் தலைநகரம் அது. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் நாட்டை விட்டுப் போன தமிழர்களில் ஒரு பகுதியினர் அங்கே தங்கி, வீட்டு வேலை, முதியவர்களைப் பராமரிக்கும் வேலை, உணவகச் சமையல் என்று உழைத்து இன்று பேரப்பிள்ளைகளும் கண்டுவிட்டார்கள்.

அங்கேயுள்ள பிள்ளைகள் பலருக்கு அம்மாவை ஒருமுறையாவது கூப்பிட்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆசை. அப்படி அழைப்பு வந்த அம்மாமார் எங்கள் அலுவலகத்துக்கு வரும்போது கேட்பது இரண்டு கேள்விகள். விசா கிடைக்குமா? எவ்வளவு முடியும்? எந்த மாதம் போவது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பிள்ளைக்கு எப்போது லீவோ, ரிக்கற் எப்போது மலிவோ, அப்போது போகிறார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை போகும் பயணத்துக்கு மாதம்தான் முதற் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நான் போனது 2019ஆம் ஆண்டு. ஒரு செயற்றிட்டம் முடிந்து மற்றது தொடங்குவதற்கு இடையில் கிடைத்த மூன்று மாதம், செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து நவம்பர் கடைசிமட்டும். சின்னம்மா 1991இல் போனவர். ஒரு வயோதிப மாதுவைப் பார்க்கும் வேலை. பகலில் அவர் வேலைக்குப் போய்விடுவார். நான் சமூகவியல் படித்தவள் என்ற திமிரில் குறிப்புப் புத்தகத்தோடு தெருத் தெருவாகத் திரிவேன். நான் காணாத மாதங்களைச் சின்னம்மாவும் அவருடைய சிநேகிதிகளும் சொல்லக் கேட்டேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். பலெர்மோ தீவின் வடகரையிலுள்ள துறைமுகம். ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன்னர் பினீசிய வணிகர்கள் குடியேறிய இடம். பிறகு உரோமர், கிரேக்கர் ஆட்சி. 831இல் அராபியர் பிடித்தார்கள். 1072இல் வடக்கிலிருந்து வந்த நோர்மன் வீரர்கள் பிடித்தார்கள். 1130இல் இரண்டாம் ரொஜர் சிசிலியின் மன்னனாக முடிசூடியது இங்கேதான். இதில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. வென்ற நோர்மன் மன்னர்கள் தோற்ற அராபியரின் கைவினைஞர்களைத் துரத்திவிடவில்லை. அரண்மனைக்குள் உள்ள தேவாலயத்தில் சுவரெல்லாம் கிரேக்க முறையில் பொன்னிறச் சிறுகற்கள் பதித்த வேதாகமப் படங்கள். அண்ணாந்து பார்த்தால் மரக்கூரை முழுவதும் அராபிய வேலைப்பாடு. அதே அரண்மனையில் மன்னனின் தண்ணீர்க் கடிகாரத்துக்காக வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. லத்தீன், கிரேக்கம், அரபு என்று மூன்று மொழிகள். 1142ஆம் ஆண்டுக் கல். மொழியால் பட்டவர்கள் நாங்கள். அந்தக் கல்லுக்கு முன்னால் நான் நின்ற நேரத்தில் பின்னால் வந்த சுற்றுலாக்காரர் இரண்டு கூட்டம் கடந்து போயிற்று.

அதைவிட மனதைத் தொட்டது இன்னொரு கல். சீசா என்ற பழைய மாளிகையில் உள்ள காட்சிச்சாலையில் இருக்கிறது. 1149ஆம் ஆண்டு அன்னா என்ற தாய்க்கு அவருடைய மகன் எடுத்த நடுகல். மகன் மன்னனிடம் இருந்த ஒரு மதகுரு. லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு என்று நான்கு வகை எழுத்தில் அந்தத் தாயின் பெயர் இருக்கிறது. ஊரில் யார் அந்த வழியால் போனாலும் தன் அம்மாவின் பெயரை வாசிக்க வேண்டும் என்று அவன் நினைத்திருக்கிறான்.

இனி மாதங்களுக்கு வருகிறேன்.

தை, மாசி மாதங்களில் பகலில் 15 பாகை, இரவில் 10 பாகை அளவில் இருக்கும். நுவரெலியா இரவை நினைத்துக்கொள்ளுங்கள். பனி கொட்டும் குளிர் அல்ல. ஆனாலும் பழைய வீடுகள் பலவற்றில் சூடாக்கும் வசதி சரியாக இல்லை. வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள்தான் குளிர் என்று சின்னம்மா சொல்வார். மழையும் உண்டு. மூட்டுவலி உள்ளவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் சனம் குறைவு, விமானச் சீட்டு மலிவு, தோடம்பழம் குவிந்து கிடக்கும். செம்மறிப் பாலில் செய்யும் ரிக்கோத்தா என்ற மென்மையான பாற்கட்டி நன்றாக இருப்பதும் குளிர்காலத்திலும் இளவேனிலிலும்தான். அதை நிரப்பிச் செய்யும் கன்னோலி என்ற பலகாரத்தை ஓகஸ்ட் வெயிலில் தின்றுவிட்டுப் பலெர்மோவில் கன்னோலி சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டாம்.

பங்குனி முதல் வைகாசி வரை வசந்தகாலம். நடக்க, கோயில் பார்க்க, சந்தை சுற்ற மிக நல்ல காலம் இது. பல்லரோ சந்தையில் வெண்டிக்காய் தேடுகிற எங்கள் பெண்களை எப்போதும் காணலாம். மொன்ரியாலே என்ற மேட்டு ஊரில், 1174 அளவில் இரண்டாம் வில்லியம் மன்னன் கட்டத் தொடங்கிய பேராலயம் இருக்கிறது. பஸ்ஸில் போய் வரலாம். உள்ளே போனால் கழுத்து வலிக்கும்வரை பார்ப்பீர்கள். உயிர்த்த ஞாயிறு வரும் காலத்தில் கடைகளில் பச்சை வெள்ளை நிறத்தில் கசாத்தா என்ற கேக் அடுக்கியிருப்பார்கள். ஒரு துண்டே போதும், அவ்வளவு இனிப்பு.

மே மாதத்தில் ஒரு நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் பெருந்தெருவில், கபாச்சி என்ற இடத்தில், இரண்டு பக்கமும் சிவப்புத் தூண்கள் நிற்கும். பலெர்மோவுக்கு விமானத்தில் வந்து அந்தத் தெருவால் போகும் எல்லோரும் அவற்றைக் கடந்துதான் நகருக்குள் வருகிறார்கள். 1992 மே 23ஆந் திகதி மாலை மாபியாக் கும்பல் அந்தத் தெருவுக்குக் கீழே குண்டு புதைத்து வெடிக்க வைத்தது. நீதவான் ஜியோவன்னி பல்கோனே, அவருடைய மனைவியும் தானும் ஒரு நீதவானுமாகிய பிரான்செஸ்கா மோர்வில்லோ, பாதுகாப்புக்குப் போன பொலிசார் மூவர் இறந்தார்கள். ஐம்பத்தேழு நாட்களுக்குப் பின்னர், யூலை 19ஆந் திகதி, அவருடைய நண்பர் நீதவான் பவுலோ போர்செல்லினோ தன் தாயைப் பார்க்கப் போன வீட்டு வாசலில் அடுத்த குண்டு. அவரோடு பொலிசார் ஐந்து பேர். அதில் எமானுவேலா லோய் என்ற இருபத்துநான்கு வயதுப் பெண்ணும் ஒருத்தி.

இதை ஏன் பயணக் கட்டுரையில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். அந்த நகரத்துப் பெண்கள் செய்ததற்காகத்தான். கபாச்சிக் குண்டுக்குப் பிறகு பலெர்மோவில் சில பெண்கள் தங்கள் வீட்டு வெள்ளைப் படுக்கை விரிப்புகளை எடுத்து, இனிப் போதும் என்ற கருத்தில் எழுதி, வீட்டு மாடத்தில் தொங்கவிட்டார்கள். ஊர்வலம் போக அனுமதி வேண்டும், மேடைக்குக் காசு வேண்டும். துணி உலர்த்த யாரிடம் அனுமதி கேட்பது? பிறகு தெருத் தெருவாக வெள்ளை விரிப்புகள் தொங்கின. யூலைக் குண்டுக்குப் பின்னர் பெண்கள் ஒரு சதுக்கத்தில் கூடி, பொறுப்பான அதிகாரிகள் பதவி விலக வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். கபாச்சியில் இறந்த பொலிஸ்காரர் ஒருவரின் மனைவி ரொசாரியா ஸ்கிபானி. வயது 22, கையில் நாலு மாதக் குழந்தை. மரணச் சடங்கில், நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, நான் மன்னிக்கிறேன், ஆனால் கொன்றவர்கள் முழந்தாளிட வேண்டும் என்ற பொருளில் பேசினார். குருவானவர் கையில் கொடுத்த தாளில் இருந்ததை வாசிக்கத் தொடங்கியவர், இடையில் தன்னுடைய சொற்களுக்கு மாறிவிட்டார்.

ஒவ்வொரு மே 23ஆந் திகதியும் பல்கோனேயின் வீட்டுக்கு முன்னாலுள்ள மரத்தடியில் சனம் கூடி, குண்டு வெடித்த மாலை நேரத்தை நினைத்து மௌனமாக நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் கடிதம் எழுதி மரத்தில் ஒட்டுவார்கள். நான் ஒக்டோபரில் போய்ப் பார்த்தபோதும் கடிதங்கள் இருந்தன.

விமான நிலையத்துக்கு அருகில் சீனிசி என்ற ஊர். அங்கே பெலீச்சியா பர்த்தொலோத்தா என்ற தாய் வாழ்ந்தார். கணவனுடைய குடும்பம் மாபியாவோடு சேர்ந்த குடும்பம். மகன் பெப்பீனோ இம்பஸ்தாத்தோ வானொலியில் மாபியாவைப் பகிரங்கமாகக் கேலி செய்தவன். 1978 மே 9ஆந் திகதி அவனைக் கொன்று புகையிரதப் பாதையில் வைத்துக் குண்டால் சிதைத்தார்கள். குண்டு வைக்கப் போய்த் தானே செத்தான் என்று முதலில் கதை கட்டினார்கள். பழிக்குப் பழி என்ற உறவினர் பேச்சை அந்தத் தாய் ஏற்கவில்லை. வழக்கிலே நின்றார். 2002இல்தான் கொலைக்குப் பின்னாலிருந்த மாபியாத் தலைவனுக்கு ஆயுட்தண்டனை கிடைத்தது. இருபத்துநான்கு ஆண்டுகள். தாய் 2004இல் இறந்தார். வீடு இன்று நினைவில்லம், போகிறவர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். வெயில் ஏறாத வைகாசியில் சீனிசிக்குப் போவது நல்லது. எங்கள் அம்மாமாரை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டுமா என்பதை அவரவர் பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும். சிலருக்கு அது ஆறுதல். சிலருக்கு இரவு முழுக்க நித்திரை வராது.

யூன் நடுவிலிருந்து வெயில். யூலை, ஓகஸ்டில் பகல் 30 பாகை சாதாரணம். எங்களுக்கு இது என்ன புதிதா என்று கேட்பீர்கள். புதிதுதான். சிரொக்கோ என்று ஒரு காற்று ஆபிரிக்கப் பாலைவனத்திலிருந்து கடலைத் தாண்டி வரும். மட்டக்களப்புக் கச்சானை அனுபவித்தவர்களுக்கு இது விளங்கும், ஆனால் இது அதைவிடக் கடுமை. வந்தால் 40 பாகையைத் தாண்டும். 2023 யூலைக் கடைசியில் பலெர்மோப் பக்கம் 47 பாகை பதிவானது. நகரைச் சுற்றிய மலைகள் தீப்பற்றி, விமான நிலையத்தைச் சில மணித்தியாலம் மூட வேண்டி வந்தது. அந்தக் காலத்துச் செல்வந்தர்கள் இந்தக் காற்றுக்குப் பயந்து, நிலத்தடி நீரோடைக்குப் பக்கத்தில் பாறையைக் குடைந்து அறை கட்டி, காற்று அடங்கும்வரை அதற்குள் இருந்தார்கள். அந்த நிலத்தடி வாய்க்கால் முறை அராபியரிடமிருந்து வந்தது. நான் முன்னர் சொன்ன சீசா மாளிகையும் கோடைக்காகக் கட்டியதுதான். கீழ் மண்டபத்து நடுவால் தண்ணீர் ஓடவிட்டு, கடற்காற்றை உள்ளே இழுத்தார்கள். மன்னனுக்குச் சீசா. வேலைக்காரிக்கு நாலாம் மாடியில் ஒரு மின்விசிறி.

யூலையில்தான் ஊரின் பெரிய விழா. புனித ரொசாலியாவின் விழா. அவர் 12ஆம் நூற்றாண்டில் பிரபு குடும்பத்தில் பிறந்து, எல்லாவற்றையும் விட்டு நகரத்துக்கு மேலேயுள்ள பெல்லெகிரினோ மலைக் குகையில் தவமிருந்தவர். 1624இல் பலெர்மோவில் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகள் அந்த மலையில் கண்டெடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அவற்றை நகரத்தில் ஊர்வலமாகக் கொண்டு வந்தபின் நோய் நீங்கியது என்பது சனத்தின் நம்பிக்கை. யூலை 14ஆந் திகதி இரவு பெரிய தேர் இழுப்பார்கள். நான்கு மூலை என்று பெயர் கொண்ட சந்தியில் தேர் நிற்க, நகர மேயர் ஏறிச் சிலைக்குப் பூ வைத்து, பலெர்மோவும் ரொசாலியாவும் வாழ்க என்று கத்துவார். சனம் திருப்பிக் கத்தும். நத்தை அவித்துச் சாப்பிடுவதும் அன்றைக்கு விசேஷம். சின்னம்மா முப்பது வருடமாகியும் அதைத் தொடவில்லை.

எல்லா வழிகாட்டிப் புத்தகமும் யூலை விழாவுக்குப் போங்கள் என்றுதான் சொல்லும். நான் எங்கள் பெண்களுக்கு அப்படிச் சொல்லமாட்டேன். வெயிலும் நெரிசலும் மட்டுமல்ல காரணம். தேர் கடற்கரையை அடைந்ததும் நள்ளிரவில் வாணவேடிக்கை. வானம் முழுக்க வெடிக்கும். ஷெல் விழுந்த பதுங்குகுழியில் பிள்ளையை அணைத்துக்கொண்டு கிடந்த ஒருத்திக்கு அந்தச் சத்தம் விழாச் சத்தமாகக் கேட்காது. சின்னம்மாவின் சிநேகிதி ஒருத்தி வன்னியிலிருந்து வந்த தன் தமக்கையை ஆசையாகக் கூட்டிக்கொண்டு போய், அவர் தெருவோரக் கதவுப்படியில் காதைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டாராம். அப்படிப் போகத்தான் வேண்டும் என்றால், நான்கு மூலைச் சந்தியோடு பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். புது வருட இரவுக்கும் இதே எச்சரிக்கை.

ஓகஸ்ட் 15 இத்தாலி முழுவதும் விடுமுறை. அந்த இரண்டு மூன்று கிழமையில் வேலை கொடுப்பவர்கள் கடற்கரை வீடுகளுக்குப் போய்விடுவார்கள், கடைகள் பல பூட்டு. எங்கள் பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதும் அப்போதுதான். அதனாலேயே அம்மாமாரை ஓகஸ்டில் அழைக்கிறார்கள், அவர்களும் நாலு சுவருக்குள் வியர்த்துக்கொண்டு இருந்துவிட்டு வருகிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இத்தாலியில் ஒப்பந்தப்படி பதிவு செய்து வீட்டு வேலை செய்பவருக்கு வருடத்துக்கு 26 வேலை நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. சாதாரணமாக யூனுக்கும் செப்டெம்பருக்கும் இடையில், இரண்டு பகுதியும் பேசித் தீர்மானிப்பது. இரண்டாகப் பிரித்தும் எடுக்கலாம். பதிவில்லாமல் கையில் காசு வாங்கி வேலை செய்பவர்களுக்கு இந்த உரிமையைக் கேட்க வாய் வராது. அவர்களும் இருக்கிறார்கள்.

செப்டெம்பர் முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரையுள்ள காலத்தைத்தான் நான் முதலாவதாகச் சொல்வேன். கடல் சூடாக இருக்கும், வெயில் அடங்கும், அத்திப்பழமும் திராட்சையும் சந்தைக்கு வரும். முக்கியமாக, செப்டெம்பர் 4 மலையேறும் நாள். 3ஆந் திகதி இரவிலிருந்தே சனம் ரொசாலியாவின் குகைக்கு நடக்கத் தொடங்கும். சிலர் வெறுங்காலோடு. பழைய கல் பாவிய பாதை வளைந்து வளைந்து போகும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். நான் ஏறியபோது எனக்கு முன்னால் சிசிலிக்காரக் கிழவி ஒருவர் செபமாலையோடு, பின்னால் எங்கள் பெண்கள் இருவர் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டு. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, பலெர்மோவின் சைவத் தமிழர்களும் இந்தக் குகைக்கு நேர்த்தி வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமாக ஏறுகிறார்கள். மடு மாதாவிடம் சைவர்கள் போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. மலை, குகை, உள்ளே ஒரு பெண் தெய்வ வடிவம். கோயில் வாசல் மட்டும் வெளியே கட்டடம், உள்ளே போனால் பாறை. பொன்னாடை போர்த்துச் சாய்ந்து படுத்திருக்கும் ரொசாலியாவின் சிலை. பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகர வாய்க்கால்கள் ஏந்திக்கொண்டு போகும். அந்தத் தண்ணீரைப் புனிதமாகக் கருதுவார்கள்.

இந்தக் குகையைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. முல்லைத்தீவுப் பக்கத்து அம்மா ஒருவர் இந்த வருடம் என்னிடம் வந்தார். வயது 63. மகள் பலெர்மோவில் வேலை செய்கிறார். 2009ஆம் ஆண்டு மாசி மாதத்திலிருந்து ஐந்து மாதம் மகளுக்குத் தாயைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அந்த ஐந்து மாதமும் மகள் ஞாயிறு தவறாமல் மலையேறி, அம்மா உயிரோடு இருந்தால் உன் வாசலுக்குக் கூட்டி வருவேன் என்று நேர்ந்திருக்கிறார். தாய் முகாமிலிருந்து தொலைபேசியில் பேசிய பிறகுதான் அழுதாராம். தம்பியைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் நேர்த்தி நிறைவேறவில்லை. முதலில் விசா இல்லை, பிறகு காசு இல்லை, பிறகு கொரோனா.

மகள் ஓகஸ்டில் வரச் சொல்கிறார், லீவு அப்போதுதான். தாய்க்குப் பிடிவாதம்: “ஏறுறது எண்டால் அந்தத் திருநாளிலதான் பிள்ளை ஏற வேணும். சும்மா ஒரு நாள் பாத்துவிட்டு வர நான் என்ன சுற்றுலாவே போறன்?” முழங்கால் தேய்மானம் வேறு. நான் மகளோடு வட்ஸப்பில் பேசினேன். ஒப்பந்தம் பதிவில் உள்ளது என்றார். அப்படியானால் விடுமுறையை இரண்டாகப் பிரித்துக் கேட்கலாமே என்றேன். வேலை கொடுக்கும் அம்மையார் கொஞ்சம் முகம் சுளித்தாலும் ஓம் என்றுவிட்டார். ஓகஸ்ட் கடைசிக் கிழமையில் தாய் போய் இறங்குவது, செப்டெம்பர் முதற் பத்து நாள் மகள் வீட்டில் நிற்பது, பிறகு ஒக்டோபர் நடுப்பகுதிவரை தாய் பேரப்பிள்ளைகளோடு இருப்பது என்று முடிவாகியிருக்கிறது. மலைக்கு வாகனப் பாதையும் உண்டு. அந்த அம்மா பாதையின் கடைசிப் பகுதியை மட்டும் நடந்தால் போதும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பதில் சொல்லவில்லை.

ஒக்டோபர் கடைசியில் மழை தொடங்கும். குடை, மூடிய சப்பாத்து வேண்டும். பழைய நகரத்தின் கல்சாப் பகுதியில் மஜியோனே என்ற திறந்த புல்வெளி உண்டு. 1943இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டதில் வீடுகள் அழிந்த இடம். பழைய நகரத்தின் இடிந்த மாளிகைகள் பல, போர் முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் அப்படியே கிடந்தன. பல்கோனேயும் போர்செல்லினோவும் பிறந்து வளர்ந்த அயல் இது. மழை விட்ட ஒரு மாலையில் பையன்கள் அங்கே பந்து விளையாடியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 2 இறந்தோர் நாள். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் சவக்காலைக்குப் போவதைப்போல அங்கேயும் போவார்கள். ஆனால் பலெர்மோவில் அதற்கு முந்திய இரவில் இன்னொரு வழக்கம். செத்துப்போன தாத்தாவும் பாட்டியும் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு ஒளித்துவைத்துவிட்டுப் போவார்களாம். காலையில் பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால் என்று தேடுவார்கள். சீனியில் வார்த்துச் சாயம் பூசிய பொம்மைகள், பாதாம்பருப்பு மாவில் உண்மைப் பழம்போலவே செய்த இனிப்புகள். அந்தப் பழ இனிப்புக்கு மர்த்தொரானா என்று பெயர், ஒரு கன்னியர் மடத்திலிருந்து வந்தது. சின்னம்மா வீட்டுப் பேத்தி, தான் ஒருநாளும் கண்டிராத கொக்குவில் பூட்டி தனக்கு நிறப் பென்சில் கொண்டுவந்தார் என்று எனக்குக் காட்டினாள். பெட்டியில் தன் பெயர் எழுதியிருக்கிறது, பூட்டிக்குத் தன் பெயர் எப்படித் தெரியும் என்று கேட்டாள். சின்னம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றார். இறந்தவர்களை நினைத்தால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நாங்கள் எவ்வளவு விடயங்களைப் பேசாமல் விட்டிருக்கிறோம் என்று அன்று யோசித்தேன்.

டிசம்பர் 13 புனித லூசியாவின் நாள். அன்று பலெர்மோவில் பாணும் பாஸ்தாவும் சாப்பிடமாட்டார்கள். 1646இல் பஞ்சம் வந்தபோது கோதுமைக் கப்பல் வந்ததாகவும், மாவாக அரைக்கப் பொறுமையில்லாமல் சனம் கோதுமையை அப்படியே அவித்துத் தின்றதாகவும் சொல்வார்கள். அதனால் அன்று குச்சீயா என்ற அவித்த கோதுமை இனிப்பு, அரஞ்சீனே என்ற பொரித்த சோற்றுருண்டை. நிவாரண அரிசிக் கஞ்சியில் உயிர் பிடித்தவர்களுக்கு இந்த விழாவின் கருத்தை விளக்கத் தேவையில்லை. பதிவில் வேலை செய்பவர்களுக்கு டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் கிடைக்கும். அடுத்த வருடத்துக்கு ரிக்கற் போடுகிறவர்கள் அப்போதே காசை ஒதுக்கி வைப்பது புத்தி.

இனிக் கடதாசி வேலை. சுருக்கமாகச் சொல்கிறேன். போகும் மாதத்தை முடிவு செய்தபின் பின்னோக்கி எண்ணுங்கள். சுற்றுலா, உறவினர் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்னரிலிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறையக் கூடாது. கோடைக்குப் போகிறவர்கள் அதிகம், ஆகவே செப்டெம்பர் பயணத்துக்குச் சித்திரை வைகாசியிலேயே கொடுப்பது நல்லது. கட்டணம் 2024 யூனிலிருந்து 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். அழைக்கும் பிள்ளையின் அழைப்புக் கடிதம், வதிவிட அனுமதிப் பிரதி, வருமானச் சான்று வேண்டும். தங்குவது அதிகபட்சம் 180 நாளுக்குள் 90 நாள். போய் இறங்கி 48 மணித்தியாலத்துக்குள் வீட்டில் விருந்தாளி இருப்பதைப் பிள்ளை பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். கொழும்பிலிருந்து பலெர்மோவுக்கு நேரடி விமானம் இல்லை. பெரும்பாலும் வளைகுடா நாடொன்றிலும், பிறகு ரோம் அல்லது மிலானிலும் மாற வேண்டியிருக்கும். தனியாகப் போகும் அம்மாமாருக்குச் சக்கர நாற்காலி உதவியை ரிக்கற் போடும்போதே கேட்டால் மாறும் இடங்களில் ஆள் வந்து கூட்டிப் போவார்கள். அதற்குத் தனிக் காசு இல்லை. விசா கைக்கு வரமுன் முழுக் காசு கட்டி ரிக்கற் வாங்காதீர்கள். விசா எடுத்துத் தருகிறேன் என்று லட்சக் கணக்கில் கேட்கும் ஆட்களிடம் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டாம்.

கொண்டுபோகும் சாமானில் மிளகாய்த்தூள் கிலோக் கணக்கில் வேண்டாம், அங்கேயுள்ள தமிழ்க் கடைகளில் கிடைக்கிறது. தோளை மூட ஒரு சால்வை எடுங்கள், கோயில்களுக்கு வேண்டும். சேலை கட்டிப் போவதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை, அந்த மலையில் சேலை புதிதல்ல. மாதத்தின் முதல் ஞாயிறு அரசாங்கக் காட்சிச்சாலைகள் இலவசம். அன்னாவின் கல்லை அன்று பார்க்கலாம்.

அந்த முல்லைத்தீவு அம்மா அடுத்த கிழமை கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போகிறார். நேற்று வந்து, இரவில் ஏற வேண்டும் என்றால் பாதையில் வெளிச்சம் இருக்குமா என்று கேட்டார். சில இடத்தில் இருக்காது அம்மா, சின்ன டோர்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு வாங்கப் போகிறாராம், ஒன்று மகளுக்கு.